குடும்பிமலைக்குக் கோடு இல்லை

பிள்ளைகளே, சித்திரக் கொப்பியை எடுத்து ஒரு மலை வரையுங்கள். யோசிக்க வேண்டாம், கை போன போக்கில் வரையுங்கள்.

நீங்கள் என்ன வரைந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு முக்கோணம். நடுவில் அரைவட்டமாகச் சூரியன், அதைச் சுற்றி ஈர்க்குக் குத்தி வைத்த மாதிரிக் கதிர்கள். அடிவாரத்திலிருந்து வளைந்து வளைந்து வரும் ஓர் ஆறு. ஓரத்தில் ஒரு தென்னை. நானும் சின்ன வயதில் இதைத்தான் வரைந்தேன். என் வாப்பாவின் பழைய கொப்பி ஒன்றிலும் இதே மலை, இதே சூரியன், இதே ஆறு.

இதில் எனக்கு ஓர் ஆச்சரியம். நம்முடைய ஓட்டமாவடியில் மலையே இல்லை. கிழக்கே கொஞ்சம் போனால் கல்குடாவும் பாசிக்குடாவும், அதற்கப்பால் கடல். ஊரை ஒட்டி வாழைச்சேனை ஆறு. மேற்கே போனால் வயல்வட்டை. நிலம் பலகை போலத் தட்டையாகக் கிடக்கிறது. முக்கோண மலை இரண்டுக்கு நடுவே சூரியன் எழும்புவதை நம் ஊரில் ஒருவரும் கண்டதில்லை. நமக்குச் சூரியன் கடலிலிருந்து எழும்புகிறது. மலைகள் இருப்பதோ உள்நாட்டில், மேற்குப் பக்கமாக. ஆகவே நம் கொப்பியில் உள்ள சூரியன் உண்மையில் காலைச் சூரியனே அல்ல, மஃரிபுக்கு முன்னால் மறையப்போகும் சூரியன்!

அப்படியென்றால் நம் கை வரைந்தது கண்ணால் கண்ட மலை அல்ல. யாரோ வரைந்ததைப் பார்த்து யாரோ வரைந்து, அது கொப்பிக்குக் கொப்பி தாவி நம்மிடம் வந்து சேர்ந்த மலை. இன்றைக்கு அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, கண்ணால் காணும் மலையைப் பற்றிக் கதைப்போம்.

மாரி மழை ஓய்ந்து வானம் கழுவிவிட்டது போல இருக்கும் ஒரு நாளில், மரங்கள் மறைக்காத வயல் வரம்பில் நின்று தென்மேற்குப் பக்கமாகப் பாருங்கள். அடிவானத்தில் ஒரு மேடு தெரியும். அதன் உச்சியில் ஒரு பாறைக் கட்டி துருத்திக்கொண்டு நிற்கும். அதுதான் குடும்பிமலை. தலையில் முடிந்த குடும்பி போல இருப்பதால் தமிழில் அந்தப் பெயர். சிங்களத்தில் அதற்குத் தொப்பிகல என்று பெயர். உச்சிப் பாறை அவர்களுக்குத் தொப்பியாகத் தெரிந்திருக்கிறது. ஆங்கிலேயர் வைத்த பெயருக்குப் பிரபுவின் தொப்பி என்று பொருள். ஒரே பாறை. மூன்று மொழிக்காரர் பார்த்தார்கள். மூவருக்கும் அது ஒரு தலையாகத்தான் தெரிந்தது. தலையின் மேலே என்ன இருக்கிறது என்பதில் மட்டும் ஆளுக்கொரு கருத்து. நம் மூளை தெளிவில்லாத எந்த உருவத்தைக் கண்டாலும் அதற்குள் முகத்தையும் தலையையும் தேடும். மேகத்தில் யானை தெரிவதும் அதனால்தான்.

என் வயதுக்காரருக்கு அந்த மலை தூரத்துக்கு மட்டுமே சொந்தமாக இருந்தது. யுத்த காலம் முழுவதும் அந்தப் பக்கம் போக முடியாது. எனவே நாங்கள் அதை வயலில் நின்று பார்த்தோம், பார்த்தோம், பார்த்துக்கொண்டே வளர்ந்தோம்.

போன தை மாதம் என் மகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வயலுக்குப் போனேன். அவள் கொஞ்ச நேரம் மலையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "வாப்பா, மல ஏன் நீலமா இரிக்கு? காட்டு மரமெல்லாம் பச்சைதானே?"

நல்ல கேள்வி. உடனே பதில் சொல்லிக் கெடுத்துவிடக் கூடாது என்று பேசாமல் இருந்தேன். அன்றிரவு கைப்பேசியில் ஓர் ஓவியத்தை எடுத்து அவளிடம் காட்டினேன்.

'காட்டில் பாறைகள்' என்பது அந்த ஓவியத்தின் பெயர். வரைந்தவர் போல் செசான் என்ற பிரான்ஸ் நாட்டுக்காரர். 1890களில் வரைந்தது. இப்போது நியூயோர்க்கில் உள்ள மெட்ரோபொலிட்டன் நூதனசாலையில் இருக்கிறது. ஏறக்குறைய 92 சென்ரிமீற்றர் அகலம், 73 சென்ரிமீற்றர் உயரம். நம் வகுப்பறை மேசையின் மேற்பரப்பை விடக் கொஞ்சம் பெரிதாகவோ சிறிதாகவோ இருக்கும். பாரிஸுக்குத் தெற்கே உள்ள பொந்தென்புளோ என்ற காட்டுப் பகுதியாக இருக்கலாம் என்று சொல்கிறார்கள். ஒரு சரிவு. அதில் உருண்டும் சரிந்தும் கிடக்கும் பெரிய பாறைகள். பாறைகளுக்கு மேலே ஒல்லி மரங்கள். மனிதர் இல்லை, வீடு இல்லை, சூரியனும் இல்லை.

மகள் அதைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தாள். "இந்தக் கல்லு கத்தரிப்பூ நிறமா இரிக்கே!" என்றாள். பிறகு இன்னொன்றையும் கண்டுபிடித்தாள். "வாப்பா, இவரு கோடே போடல்ல."

சித்திரப் பாடத்தில் நாம் முதலில் பென்சிலால் வெளிக்கோடு போடுவோம். பிறகு அதற்குள் நிறம் தீட்டுவோம், கோட்டைத் தாண்டினால் ஆசிரியரிடம் ஏச்சு. செசான் வேறு விதமாகச் செய்தார். சின்னச் சின்னத் தீற்றல்களாக நிறத்தை வைத்தார். ஒரு தீற்றல் பக்கத்தில் இன்னொரு தீற்றல், செங்கல் அடுக்குவது போல. ஒரு நிறம் முடிந்து அடுத்த நிறம் தொடங்கும் இடத்தில்தான் பாறையின் ஓரம் தெரிகிறது. சில இடங்களில் கருநீலக் கோடும் அவர் போட்டதுண்டு. ஆனால் அது பாறையைச் சிறைவைக்கும் வேலியாக இல்லாமல் விட்டு விட்டுத்தான் போகும்.

நீங்கள் இப்போது இருக்கும் இடத்திலேயே சுற்றிப் பாருங்கள். கதவைச் சுற்றிக் கறுப்புக் கோடு இருக்கிறதா? உம்மாவின் முகத்தைச் சுற்றி? மாமரத்தைச் சுற்றி? எங்கேயும் இல்லை. கண்ணின் விழித்திரைக்கு வந்து சேர்வது ஒளி மட்டும்தான். எங்கே கூடிய ஒளி, எங்கே குறைந்த ஒளி, எங்கே என்ன நிறம் என்ற செய்தி மட்டும்தான். இரண்டு நிறங்கள் சந்திக்கும் எல்லையைக் கண்டுபிடித்து, "இதோ ஒரு பொருளின் ஓரம்" என்று முடிவு செய்வது விழித்திரையும் மூளையும் சேர்ந்து செய்யும் வேலை. குடும்பிமலைக்கும் கோடு இல்லை. மலையின் நிறம் முடிந்து வானத்தின் நிறம் தொடங்குகிறது, அவ்வளவுதான்.

செசான் 1839இல் பிரான்சின் தெற்கே எக்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். தந்தை வங்கி நடத்தியவர். மகன் சட்டம் படிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. மகனுக்கோ மலை வரைய ஆசை. செசான், வான்கோ, கோகன், சோரா ஆகியோரின் ஓவியங்களைத்தான் பின்மனப்பதிவுவாதம் என்கிறோம். அந்தப் பெயரை வைத்தவர் ரொஜர் பிறை என்ற ஆங்கிலேயர். 1910இல் இலண்டனில் நடத்திய ஒரு கண்காட்சிக்குப் பெயர் தேடியபோது வைத்தார். அப்போது செசான் இறந்து நான்கு வருடங்கள். தான் ஒரு பின்மனப்பதிவுவாதி என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது! இந்த ஐரோப்பியப் புதுமைகளைப் பார்த்து வளர்ந்த நம் நாட்டு ஓவியர்கள் 1943இல் கொழும்பில் '43 குழு' என்று ஒன்று சேர்ந்தார்கள். ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல எல்லோரும் அதில் இருந்தார்கள். அவர்களைப் பற்றித் தனியாக ஒரு நாள் எழுதுகிறேன்.

இப்போது மகளின் கேள்விக்கு வருவோம். மலை ஏன் நீலம்?

நமக்கும் மலைக்கும் நடுவே என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். காற்று இருக்கிறது, பல கிலோமீற்றர் நீளத்துக்குக் காற்று. சூரிய ஒளியில் எல்லா நிறமும் கலந்திருக்கிறது. அந்த ஒளி காற்றின் மூலக்கூறுகளில் படும்போது எல்லாப் பக்கமும் சிதறுகிறது. எல்லா நிறமும் ஒரே அளவில் சிதறுவதில்லை. அலைநீளம் குறைந்த நீலம் கூடுதலாகச் சிதறும், அலைநீளம் கூடிய சிவப்பு குறைவாகச் சிதறும். சிவப்பைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு நீலம் சிதறுகிறது. வானம் நீலமாக இருப்பதற்கும் இதுதான் காரணம். இதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் ரேலி பிரபு என்ற இங்கிலாந்து விஞ்ஞானி.

அப்படியானால் நமக்கும் மலைக்கும் இடையில் உள்ள காற்றும் ஒரு சின்ன வானம்தான். அது மெல்லிய நீல ஒளியை நம் கண்ணுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. காட்டுப் பச்சை இருளான நிறம். அங்கிருந்து வரும் ஒளி கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை இந்த நீலம் மூடிவிடுகிறது. கிட்டப் போகப் போக இடையில் உள்ள காற்று குறையும், நீலமும் குறையும், பச்சை வெளியே வரும். மலை நிறம் மாறவில்லை. நாம் பார்க்கும் கண்ணாடி தடிப்பாக இருந்து மெல்லியதாகிறது.

வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். நேரான கண்ணாடிக் குவளை ஒன்றில் தண்ணீர் நிரப்புங்கள். அதில் ஒரு சிட்டிகை பால்மாவைக் கரையுங்கள், கூடிவிடக் கூடாது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, குவளையின் ஒரு பக்கத்திலிருந்து டோர்ச் அடியுங்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தால் தண்ணீர் லேசான நீலமாகத் தெரியும். டோர்ச்சுக்கு நேரெதிரே நின்று குவளை ஊடாகப் பார்த்தால் வெளிச்சம் மஞ்சளாக, செம்மஞ்சளாகத் தெரியும். நீலம் வழியிலேயே சிதறிப் போய்விட்டது, மிச்சம்தான் நேரே வருகிறது. பக்கவாட்டில் தெரிந்ததுதான் குடும்பிமலையின் நீலம். நேரெதிரே தெரிந்ததுதான் அந்திச் சூரியனின் சிவப்பு. ஒரு குவளைக்குள் பகலும் அந்தியும் இரண்டும் இருக்கின்றன. எனக்கு இது இன்றைக்கும் அலுக்காத சோதனை.

கச்சான் காற்று வீசும் காலத்தில் மலை ஏன் இப்படி நீலமாகத் தெரிவதில்லை என்றும் கேட்கலாம். அந்தக் காற்று வறண்டது, தூசியைக் கிளப்பிக்கொண்டு வரும். தூசித் துணிக்கைகள் காற்று மூலக்கூறுகளைவிட மிக மிகப் பெரியவை. அவை நீலம், சிவப்பு என்று வேறுபாடு பார்க்காமல் எல்லா நிறத்தையும் சிதறடிக்கும். ஆகவே மலை வெளிறிப்போய், சில நாள் முழுவதுமாக மறைந்தே போகும். மழை தூசியைக் கழுவிவிட்ட பிறகுதான் நல்ல நீலம். வயலில் நின்று மலையைப் பார்த்தே காற்று எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

இந்த நீலத்தை ஓவியர்கள் விஞ்ஞானிகளுக்கு முன்பே கவனித்துவிட்டார்கள். தூரத்தைக் காட்ட நீலம், கிட்டத்தைக் காட்ட மஞ்சளும் சிவப்பும். செசான் தன் ஊருக்குப் பக்கத்தில் உள்ள செந்த் விக்துவார் என்ற மலையை அறுபது தடவைக்கு மேல் வரைந்தார். எண்ணெய் வர்ணத்திலும் நீர் வர்ணத்திலுமாக, வெவ்வேறு இடத்தில் நின்று, வெவ்வேறு வெளிச்சத்தில். அவர் மலையை வெறும் நீலமாக விட்டுவிடவில்லை. நீலத்துக்குள் ஒரு மெல்லிய இளஞ்சிவப்பு, ஓர் ஊதா, ஒரு சாம்பல் என்று வைத்துக்கொண்டே போனார்.

ஒரே மலையை ஏன் அறுபது தடவை? அதற்கும் கண்ணுக்கும் தொடர்பு உண்டு. பெருவிரலை முகத்துக்கு முன்னால் நீட்டுங்கள். வலக்கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு இடக்கண்ணை மூடிப் பாருங்கள். விரல் அங்கும் இங்கும் தாவும். நம் இரு கண்களுக்கும் இடையில் ஏறக்குறைய 6 சென்ரிமீற்றர் இடைவெளி. ஒவ்வொரு கண்ணும் உலகத்தைக் கொஞ்சம் வேறு இடத்திலிருந்து பார்க்கிறது. இரண்டு படத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை தூரத்தைக் கணிக்கிறது. இப்போது அதே வித்தையை மலையிடம் செய்து பாருங்கள். எந்தக் கண்ணை மூடினாலும் மலை அசையாது! அவ்வளவு தூரத்துக்கு அந்த 6 சென்ரிமீற்றர் ஒன்றுமே இல்லை.

வாழைச்சேனையிலிருந்து கொழும்பு ரயிலில் போனால் இதைப் பெரிதாகப் பார்க்கலாம். யன்னல் பக்கம் இடம் பிடியுங்கள். தண்டவாளத்து ஓரத்துப் பற்றைகள் பறக்கும். வயல் நடுவே நிற்கும் மரங்கள் மெதுவாக நகரும். புனானை, வெலிக்கந்தை தாண்டி மன்னம்பிட்டிப் பக்கம் திம்புலாகலை மலை தெரியும்போது அது நகரவே நகராது. உங்களோடு சேர்ந்து வருவது போலவே இருக்கும். கிட்ட உள்ளது வேகமாக ஓடும், தூரத்தில் உள்ளது நிற்கும். மூளைக்கு இதுவும் ஒரு தூரக் கணக்கு.

வயல் வரம்பில் அசையாமல் நின்று தூரத்து மலையைப் பார்க்கும்போது இந்த இரண்டு கணக்கும் கைகொடுக்காது. அப்போது மூளை வேறு தடயங்களைத் தேடும். எது எதை மறைக்கிறது? எது சிறிதாகத் தெரிகிறது? எது நீலமாக, வெளிறித் தெரிகிறது? ஓவியரிடம் இருப்பதும் இவை மட்டும்தான். ஓவியம் வரையும் துணி தட்டையானது, அதில் இரண்டு கண் வித்தை செல்லாது. அதனால்தான் மறைப்பையும் அளவையும் நிறத்தையும் வைத்தே ஆழத்தைக் காட்டுகிறார். செசான் இன்னொரு துணிச்சலும் செய்தார். கொஞ்சம் இடப்பக்கம் நின்று பார்த்ததையும் கொஞ்சம் வலப்பக்கம் நின்று பார்த்ததையும் ஒரே படத்தில் சேர்த்தார். அதனால் அவருடைய பாறைகள் சில வேளை சரிவது போல, புரள்வது போல இருக்கும். பிழையாக வரைந்துவிட்டார் என்று அந்தக் காலத்தில் பலர் சிரித்தார்கள். அவர் கழுத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்த மனிதர் அல்ல. நாமும் அப்படி ஒரு மலையைப் பார்ப்பதில்லை.

இனிப் பாறைக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

செசானுக்கு ஓர் இளவயது நண்பர் இருந்தார். பெயர் அந்துவான் மரியோன். அவர் இயற்கை விஞ்ஞானி. பின்னாளில் மார்செய் நகரத்து இயற்கை வரலாற்று நூதனசாலைக்கு இயக்குநராக இருந்தவர். அவருக்கும் ஓவியத்தில் ஆசை. இருவரும் ஒன்றாக வெளியே போய் வரைவார்கள். மலை எப்படி உண்டானது, பாறைப் படைகள் எப்படி மடிந்தன என்று மரியோன் விளக்குவார். செசானின் வரைகொப்பி ஒன்றில் மரியோன் கீறிய நிலவியல் படங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. ஒரு கொப்பி, இரண்டு நண்பர்கள், ஒருவர் விஞ்ஞானம், ஒருவர் சித்திரம். நம் பாடசாலையில் விஞ்ஞானக் கொப்பி வேறு, சித்திரக் கொப்பி வேறு என்று பிரித்து வைத்திருக்கிறோமே, அதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் கவலை.

செந்த் விக்துவார் மலை சுண்ணாம்புக் கல்லால் ஆனது. அதன் உயரம் 1011 மீற்றர். அந்தக் கல் கடலுக்கடியில் படிந்து உண்டானது. மலையடிவாரத்தில் டைனோசர் முட்டைகள் கிடைத்திருக்கின்றன! பொந்தென்புளோக் காட்டுப் பாறையோ மணற்கல். மூன்று கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் அங்கே கடல் இருந்தது. அதன் வெள்ளை மணல் இறுகிக் கல்லாயிற்று.

நம் பாறை இவை இரண்டையும் விட மிகப் பழையது. மட்டக்களப்பு மாவட்டத்தின் அடியில் கிடப்பதை நிலவியலாளர் விஜயன் தொகுதி என்பார்கள். நூறு கோடி ஆண்டு அளவுக்குப் பழைமை உள்ளது. பூமிக்குள் பல கிலோமீற்றர் ஆழத்தில் வெந்து, நெரிந்து, மடிந்து உருமாறிய பாறை. அதற்கு நைஸ் என்று பெயர். பார்ப்பதற்கு மலை ஏற வேண்டாம். வீடு கட்டும் இடத்தில் கொட்டியிருக்கும் கருங்கல் சல்லியில் ஒரு துண்டை எடுத்து, தண்ணீரில் நனைத்து வெயிலில் பிடியுங்கள். வெளிறிய வரியும் கறுப்பு வரியும் மாறி மாறி ஓடும். கண்ணாடி போல மினுங்குவது படிகம். மங்கலான வெள்ளையோ இளஞ்சிவப்போ பெல்ஸ்பார். கறுப்பாக ஏடு ஏடாகப் பளபளப்பது காக்காப்பொன் என்று நாம் சொல்லும் மைக்கா. கறுப்புக் கல் என்று பேர், உள்ளே பார்த்தால் நாலைந்து நிறம். பாறையில் கத்தரிப்பூ நிறம் வைத்தவர் ஒன்றும் கற்பனை செய்யவில்லை என்பது அப்போது விளங்கும்.

இந்த ஆழத்துப் பாறை எப்படி மேலே வந்தது? மழையும் ஆறும் மேலே இருந்த நிலத்தைக் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அரித்துக் கடலுக்குக் கொண்டு போயின. இளகிய இடம் கரைந்து சமவெளியானது. உறுதியான கட்டி கரையாமல் மிஞ்சி நின்றது. தட்டையான வயல்வெளி நடுவே திடீரென்று ஒரு குன்று நிற்கிறதே, அதனால்தான். புவியியல் பாடத்தில் இதை எச்சக்குன்று என்று படிப்பீர்கள்.

மேலே இருந்த பாரம் குறைந்ததும் பாறை மூச்சு விட்டது போலக் கொஞ்சம் விரியும். விரியும்போது மேற்பரப்புக்கு இணையாக வெடிப்பு விழும். வெங்காயத்தின் தோல் கழல்வது போல ஏடு ஏடாக உரியும். மூலைகள்தான் முதலில் கழன்று விழும், ஆகவே பாறை உருண்டையாகும். நம் பக்கத்துப் பாறைக் குன்றுகளின் தலை மொட்டையாகவும் உருண்டையாகவும் இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். முக்கோணமாக வரைந்த பிள்ளைகள் இதைக் கவனியுங்கள்! வெடிப்புக்குள் மழைநீர் இறங்கும். பெல்ஸ்பார் மெல்ல மெல்லக் களிமண்ணாகும். பறவை போட்ட ஆல் விதையோ இத்தி விதையோ அங்கே முளைத்து, வேர் ஆப்பு வைத்தது போல வெடிப்பை அகட்டும். இவ்வளவையும் சேர்த்துத்தான் விஞ்ஞானப் புத்தகம் வானிலையாலழிதல் என்று ஒரே சொல்லில் சொல்கிறது.

மொட்டைப் பாறையில் மரம் நிற்காது. மண்ணும் நீரும் தங்கும் வெடிப்பில்தான் நிற்கும். ஆகவே பாறைச் சரிவில் மரங்கள் கண்டபடி நிற்பதில்லை, வெடிப்புப் போன வழியே வரிசை கட்டி நிற்கின்றன. அடிவாரத்தில் மண் ஆழம் கூடியதால் பாலை, வீரை, முதிரை என்று காடு அடர்த்தியாகும். மேலே போகப் போகப் பற்றையாகும். மரங்களின் வரிசையைப் பார்த்தே உள்ளே கல் எங்கே உடைந்திருக்கிறது என்று சொல்லலாம். செசானின் ஓவியத்தை இப்போது மறுபடியும் பாருங்கள். மரம் பாறையின் மேல் ஒட்டி வைத்தது போல இல்லை. பாறையின் இடுக்கிலிருந்து எழும்புகிறது. மரியோனோடு நடந்து திரிந்த கால்களுக்கு அது தெரிந்திருந்தது.

நிறத்தைப் பற்றி இன்னும் ஒன்று. செசான் பிறந்த அதே 1839இல் மிஷேல் செவ்ரோல் என்ற இரசாயனவியலாளர் ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர் பாரிஸில் கோபலின் என்ற அரச நெசவுசாலையில் சாயப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர். கறுப்பு நூலில் சரியாகச் சாயம் ஏறவில்லை, மங்கலாக இருக்கிறது என்று அங்கே ஒரு முறைப்பாடு வந்தது. அவர் நூலைச் சோதித்தார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை. குறை பக்கத்து நூலில்! நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்ததால்தான் கறுப்பு மங்கித் தெரிந்தது. ஒரு நிறம் தன் பக்கத்தில் உள்ள நிறத்தை மாற்றிக் காட்டுகிறது என்பதை அவர் விரிவாக எழுதினார். மருதமுனைக் கைத்தறியில் சாரன் நெய்வதைப் பார்த்தவர்களுக்கு இது புதினம் அல்ல. எந்த நூலுக்குப் பக்கத்தில் எந்த நூல் என்பதில்தான் அங்கே கைத்திறனே இருக்கிறது.

நீங்களும் பார்க்கலாம். பளிச்சென்ற சிவப்புக் காகிதத்தை அரை நிமிடம் கண் எடுக்காமல் பாருங்கள். பிறகு வெள்ளைச் சுவரைப் பாருங்கள். பச்சை நீலமாக ஒரு நிழல் மிதக்கும். சிவப்பை உணரும் கலங்கள் களைத்துப்போக, மற்றவை எழும்பி நிற்கின்றன. பச்சைக் காட்டுக்கு நடுவே உள்ள சாம்பல் பாறை லேசாகச் சிவந்து, ஊதாவாகத் தெரிவதற்கும் அருகருகே உள்ள நிறங்களின் இந்த இழுபறி ஒரு காரணம். இன்னொரு காரணம் வானம். நிழலில் உள்ள பாறைக்குச் சூரியன் நேரே படாது, நீல வானத்தின் ஒளிதான் படும். நல்ல வெயிலில் வெள்ளைக் காகிதத்தை வெளியே விரித்து, அதில் பென்சிலின் நிழலைப் பாருங்கள். கறுப்பு என்று நினைத்திருந்த நிழல் நீலம்.

செசானின் ஊருக்குப் பக்கத்தில் பிபெமூ என்று ஒரு பழைய கல்லுடைக்கும் இடம் உண்டு. அங்கே கல் செம்மஞ்சள் நிறம். அங்கேயே ஒரு சிறு குடிலை வாடகைக்கு எடுத்து, வர்ணச் சாமான்களை வைத்துப் பல வருடம் வரைந்தார். பாறைக்கு அந்த நிறத்தைக் கொடுப்பது இரும்பு. காற்றோடும் நீரோடும் சேர்ந்து துருவாகும் இரும்பு. நம் றோட்டுக்குப் போடும் கிறவல் சிவப்பாக இருப்பதும் அதனால்தான். ஓவியர்கள் பயன்படுத்தும் காவி நிறமும் அதே இரும்பு கலந்த மண்தான். செசான் பாறையின் நிறத்தைத் தீட்டியது பாறையின் பொருளைக் கொண்டே!

குடும்பிமலைக்கு இப்போது கிரான் பக்கமிருந்து புலிபாய்ந்தகல் வழியாகப் போகலாம். யானை நடமாடும் காடு. பெரியவர்கள் இல்லாமல் ஒருபோதும் போக வேண்டாம். வரைவதற்கு அங்கே போகவும் தேவையில்லை. செசான் வயதான காலத்தில் தன் மலையைப் பெரும்பாலும் தூரத்துக் குன்றொன்றில் நின்றுதான் வரைந்தார். 1906 ஒக்டோபரில் வெளியே வரைந்துகொண்டிருந்தபோது பெருமழை பிடித்துக்கொண்டது. நனைந்து, விழுந்து, காய்ச்சல் கண்டு, சில நாட்களில் இறந்துபோனார்.

அவர் வரையும் வேகம் ஆமை வேகம். வொலார் என்ற ஓவிய வியாபாரியின் உருவத்தை 1899இல் வரைந்தார். 115 தடவை அவரை அசையாமல் இருக்க வைத்தார். முடிவில் கையில் இரண்டு புள்ளியளவு இடம் வெறுமையாக இருந்தது. ஏன் அதை நிரப்பவில்லை என்று வொலார் கேட்டார். பொருத்தமில்லாத நிறத்தை அங்கே வைத்தால் அந்த இடத்திலிருந்து முழுப் படத்தையும் மறுபடி தொடங்க வேண்டி வரும் என்று செசான் விளக்கம் சொன்னாராம்.

இந்தக் கதையை மகளிடம் சொல்லி இரண்டு கிழமை இருக்கும். அஸருக்குப் பிறகு மறுபடியும் வயலுக்குப் போனோம். இந்த முறை அவள் பென்சில் கொண்டு வரவில்லை, பஸ்டல் பெட்டி மட்டும். வரம்பில் உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்து, நிறத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். வானத்துக்கு ஒரு நீலம், மலைக்கு இரண்டு நீலம், அடிவாரத்துக்குச் சாம்பல் கலந்த பச்சை, வெள்ளாமைக்கு மஞ்சள் பச்சை. சூரியன் மலையை நோக்கி இறங்க இறங்க மலையின் நிறம் மாறிக்கொண்டே போனது. அவள் ஏசிக்கொண்டே மாற்றிக்கொண்டிருந்தாள். மஃரிபு பாங்கு கேட்டது. எழும்பிக் காற்சட்டையைத் தட்டிக்கொண்டு கொப்பியை நீட்டினாள். உச்சிக் குடும்பி இருக்க வேண்டிய இடத்தில் விரல்நகம் அளவு வெள்ளைக் காகிதம் அப்படியே இருந்தது.

"இது என்ன மகள், விட்டுட்டியா?"

"இல்ல வாப்பா, அது என்ன நிறமெண்டு இன்னும் தெரியல்ல. நாளைக்கும் வருவமா?"